சகலைக்கு ஒரு சாட்சி

வாக்குப்பதிவு நாளன்று காலையில் மெக்கானிக் வீட்டை விட்டுக் கிளம்பியது ஓட்டுப் போடுவதற்காக அல்ல. சகலையைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக.

இதை மனைவியிடம் சொல்ல முடியுமா? அவசரமாக ஒரு கம்ப்ரசர் வேலை இருக்கிறது, நீ முன்னால் போ, நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்.

அந்தப் பேட்டையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்றால் அவர் ஒருவர்தான். அவருடைய கொழுந்தியாளைக் கட்டிக்கொண்டவன் தபால் ஆபீஸ் சந்தில் நகல் எடுக்கும் கடை வைத்திருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்துபோய் எல்லோரும் அவனை ஜெராக்ஸ் என்றே கூப்பிட்டார்கள். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர். மெக்கானிக் மூத்த மாப்பிள்ளை. ஆனால் பெயரில் மட்டும்தான் மூத்தவர்.

எரிச்சல் கல்யாணத்திலேயே ஆரம்பித்துவிட்டது. மெக்கானிக்கின் கல்யாணத்தன்று பெய்த மழையில் பந்தி பாதியில் கலைந்தது. ஜெராக்ஸின் கல்யாணத்தன்று காலைவரை கொட்டிய மழை, அவன் காரை விட்டு இறங்கியதும் நின்றது. மாமனார் வீட்டு ஃப்ரிட்ஜை இத்தனை வருஷமாக மூச்சு விட வைத்துக்கொண்டிருப்பவர் மூத்த மாப்பிள்ளை. அதிலிருந்து எடுத்த ஜில் தண்ணீர் முதலில் போவது சின்ன மாப்பிள்ளைக்கு.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன வருஷம் வந்தது பாருங்கள் வினை.

வாக்காளர் அட்டையை நகல் எடுக்க வந்த நாலைந்து பேர், பட்டியலில் தங்கள் பெயரே இல்லை என்று ஜெராக்ஸ் கடை வாசலில் புலம்பினார்கள். அவன் சும்மா இருக்கலாம் அல்லவா? தெருத் தெருவாகப் போய் விசாரித்தான். மூன்று தெருக்காரர்களை ஊரை விட்டுப் போய்விட்டதாகச் சொல்லி நீக்கியிருந்தார்கள். அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, பெயர்களைத் திரும்பச் சேர்த்த பிறகுதான் ஓய்ந்தான். ஓய்ந்தானா? ஓட்டுக் காவல் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, "யாருக்கு வேணா போடுங்க, ஆனா உங்க ஓட்டை நீங்களே போடுங்க" என்று ஒலிபெருக்கியில் முழங்க ஆரம்பித்தான். மீட்கப்பட்ட பெயர்களில் மெக்கானிக்கின் பெயரும் ஒன்று. அதுதான் அவருக்குத் தொண்டையில் முள்.

எவனும் இந்தக் காலத்தில் சும்மா ஓடியாட மாட்டான் என்பது மெக்கானிக்கின் கணக்கு. வார்டில் நிற்பது இரண்டு பேர்: லாரி முதலாளி, நர்ஸம்மா. இரண்டில் ஒரு பக்கம் சகலையைக் கவனிக்காமலா இருக்கும்? தேர்தலன்று பின்னாலேயே போனால் பூனைக்குட்டி வெளியே வரத்தானே வேண்டும்.

பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு காலையிலிருந்து கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். ஜெராக்ஸ் ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனான். வரிசையில் நின்ற பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். போலீஸ்காரரிடம் சிரித்துப் பேசினான். ஒவ்வொன்றும் மெக்கானிக்கின் வயிற்றில் ஒரு கரண்டி நெருப்பு. ஓட்டுப் போடலாம் என்ற நினைப்பே வரவில்லை. வரிசையில் நின்றால் சகலை கண்ணை விட்டு மறைந்துவிடுவான் அல்லவா?

மத்தியானம்தான் அது நடந்தது.

லாரி முதலாளியின் ஆட்கள் நர்ஸம்மாவின் ஏஜென்ட்டைச் சாப்பிடக் கூப்பிட்டு வெளியே கொண்டுவந்தார்கள். அடுத்த நிமிஷம் வாக்குச்சாவடி அறைக்குள் தாழ் விழுந்தது. வாக்குச் சீட்டுகளைச் சரிபார்க்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வரிசை முணுமுணுத்தது. ஜெராக்ஸ் ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

அப்போது லாரி முதலாளியின் தங்கை மகன் வந்து, உறவுக்காரனைப்போல ஜெராக்ஸின் தோளில் கையைப் போட்டான். காதருகே குனிந்து ஏதோ சொன்னான். ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும். ஜெராக்ஸின் முகம் வெள்ளைத் தாளாகிவிட்டது. கதவைத் தட்டிய கை அப்படியே கீழே இறங்கியது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் தாண்டி வெளியே நடந்தான்.

மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பேரம் படிந்துவிட்டது. வாங்கிக்கொள்ளப் போகிறான்.

ஆள் நடமாட்டமே இல்லாத தெருவில், சுவரோரமாக ஒட்டி ஒட்டிப் பின்தொடர்ந்தார். ஜெராக்ஸ் தன் கடைக்குள் நுழைந்து ஷட்டரை உள்ளே இருந்து இழுத்துவிட்டான். மெக்கானிக் பின்பக்கச் சந்துக்குள் புகுந்தார். கடையின் பின்சுவருக்கு அப்போதுதான் நீல வண்ணம் அடித்திருந்தார்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, ஏறி நின்று, நெஞ்சைச் சுவரில் பதித்து ஜன்னல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்.

உள்ளே பணமும் இல்லை, பையும் இல்லை. நகல் இயந்திரத்தின் மேல் சாய்ந்து ஜெராக்ஸ் தரையில் உட்கார்ந்திருந்தான். சிவப்பு வாளியை இழுத்து அதற்குள் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு அழுதான். மறுபடி வாந்தி எடுத்தான். வெகுநேரம் அப்படியே கிடந்துவிட்டு, எழுந்து, முகம் கழுவி, இயந்திரத்தின் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டான். பிறகு ஷட்டரைத் தூக்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவன்போலப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் போனான்.

லஞ்சம் கிடைக்கவில்லையே என்று மெக்கானிக் ஏமாறவில்லை. இது லஞ்சத்தைவிட நல்ல சரக்கு. பேட்டையின் சிங்கம் வாளிக்குள் வாந்தி எடுத்த கதையை ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே திரும்பினார்.

திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. ஆனால் உள்ளே போனவர்கள் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். உங்கள் ஓட்டுப் பதிவாகிவிட்டது என்கிறார்களாம். மெக்கானிக்கின் மனைவி மை படாத விரலைத் தூக்கிக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். மெக்கானிக்கும் உள்ளே போய்ப் பார்த்தார். அவருடைய ஓட்டையும் யாரோ ஒரு புண்ணியவான் போட்டுவிட்டிருந்தான்.

ஜனங்கள் சபித்துக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஜெராக்ஸ் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றான். "யாரும் வீட்டுக்குப் போகாதீங்க. போனா நீங்க வரவே இல்லைனு எழுதிடுவாங்க. அப்படியே உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். மைதானத்துப் புழுதியில், வெறும் விரலை உயர்த்திக்கொண்டு, பேட்டையில் பாதி உட்கார்ந்தது. தேர்தல் அதிகாரி ஒவ்வொருவரிடமும் புகாரை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள். சகலை சொல்லித் தானும் உட்கார வேண்டியதாகிவிட்டதே என்று மெக்கானிக்குக்குப் புழுதியைவிட அது அதிகமாக உறுத்தியது.

எண்ணியபோது லாரி முதலாளி ஜெயித்தார். மறு வாக்குப்பதிவு வேண்டும் என்று குழு மனுக் கொடுத்தது. முதல் கையெழுத்து, வேறு யார், ஜெராக்ஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் லாரி முதலாளி தரப்பிலிருந்து பதில் வந்துவிட்டது. மாமனார் வீட்டில் சோற்றில் கை வைக்காமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்த நேரத்தில் ஜெராக்ஸ் பின் கேட்டுச் சுவர் ஏறிக் குதித்து, அறைக்குள் புகுந்து, அவனே சீட்டுகளைக் குத்திப் போட்டானாம். தேர்தலைக் கெடுத்து லாரி முதலாளிமேல் பழி போடுவதற்காக. பள்ளிக்கூட வாட்ச்மேன் கண்ணால் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருந்தான். அது நிற்குமானால் மனு குப்பைக்கு, ஜெராக்ஸ் ஜெயிலுக்கு.

அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் மாப்பிள்ளை என்று மாமனார் கேட்டார். கடையில் தனியாக இருந்தேன் என்றான் ஜெராக்ஸ். பெரிய போராட்டத்தை விட்டுவிட்டுக் கடையில் என்ன வேலை என்றதற்குப் பதில் இல்லை. கொழுந்தியாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தொண்டைவரை வந்த வாந்திக் கதையை மெக்கானிக் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். இப்போது சொன்னால் அது கேலி இல்லை, சாட்சி. சகலையைக் காப்பாற்றும் சாட்சி. அதற்கா அவர் அந்த வெயிலில் கூடைமேல் ஏறி நின்றார்?

மறுநாள் காலை பட்டறையில் கேஸ் டார்ச்சின் நெருப்பில் ஒரு குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து எதிரே நின்றாள். கையில் அவருடைய சட்டை.

"இது துவைச்சாலும் போகலை."

"எது?"

"நெஞ்சுல நீலம். என் தங்கச்சி புருஷன் கடைப் பின்சுவர்தான் நீலம். அன்னைக்குக் கம்ப்ரசர் வேலை அந்தச் சுவத்து மேலயா இருந்துச்சு?"

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். அணைத்த பிறகும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் உள்ள இருந்ததை நீங்க பார்த்திருக்கீங்க" என்றாள். "ஏன் பார்த்தீங்க, எதுக்குப் பார்த்தீங்கனு நான் கேக்கலை. கேட்டா எனக்குத்தான் அசிங்கம். அவருக்காக வந்து சொல்லுங்கனும் நான் கேக்க மாட்டேன், அவர் ஒண்ணும் எனக்குச் சோறு போடலை. ஆனா என் ஓட்டு போச்சுங்க. இத்தனை வருஷம் எங்கப்பா சொன்ன ஆளுக்கும் நீங்க சொன்ன ஆளுக்கும் போட்டேன். இந்தத் தடவைதான் நானா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். அது எனக்குத் திரும்ப வேணும்."

சட்டையை மடித்து ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விசாரணை நகரசபை அலுவலகத்தின் மாடியில் நடந்தது. விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்போல இருந்தார். சாட்சி முடியும்வரை ஜெராக்ஸை வெளி வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார். பேட்டை முழுக்க அந்த அறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்துவிட்டார். பேசுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பேசாமல் இருந்தால் சகலை உள்ளே போவான். ஜில் தண்ணீர் இனி ஒரே மாப்பிள்ளைக்குத்தான். நினைக்கவே இதமாக இருந்தது. மனைவி மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தொலைத்திருந்தால் கோபப்பட்டுக்கொண்டாவது உட்கார்ந்திருக்கலாம். அவள் திரும்பவே இல்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, இடது கை விரலை வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லாரி முதலாளியின் வக்கீல் எழுந்தார். குரலில் நல்ல ஏற்ற இறக்கம். ஜெராக்ஸ் சாதாரண ஆள் இல்லை என்று ஆரம்பித்தார். மகா மூளைக்காரன், மாதக்கணக்காகத் திட்டம் போட்டிருக்கிறான், பேட்டையையே விரல் நுனியில் ஆட்டிவைக்கிறான் என்றார். ஆள் உயரச் சுவரை ஒரே தாவலில் தாண்டி, காவலுக்கு நின்றவர்கள் கண்ணில் மண்ணைத் தூவி, அதிகாரிகளை மிரட்டி, நூற்றுக்கணக்கான சீட்டுகளைத் தனி ஒருவனாகக் குத்திப் போட்டுவிட்டு, வந்த சுவடு தெரியாமல் மறைந்த தைரியசாலி என்றார்.

மெக்கானிக்குக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மாமனார் புகழ்ந்தார், பேட்டை புகழ்ந்தது, போகட்டும். எதிரி வக்கீலுமா? ஜெயிலுக்குப் போனால்கூட மகா தைரியசாலி என்ற பெயரோடுதான் போவானா?

"அவனாவது சுவர் ஏறுறதாவது" என்று எழுந்து நின்றார். "வாளியில வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தான் அவன்."

அறை திரும்பியது. அதிகாரி அவரை முன்னால் வரச் சொன்னார். வேறு வழியில்லாமல் வந்தார். எங்கே பார்த்தீர்கள், எப்படிப் பார்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கவிழ்த்த கூடை, நீலச் சுவர், ஜன்னல் இடுக்கு, சிவப்பு வாளி, அழுகை, தலை வாரியது என்று எல்லாம் வெளியே வந்தது. கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வக்கீல் விடுவாரா? சொந்தச் சகலைக்காகப் பொய் சாட்சி சொல்கிறார் அம்மா என்றார்.

அவ்வளவுதான். அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. இவரா, சகலைக்காகப் பொய்யா என்று பின் வரிசையில் யாரோ சொன்னார்கள். மாமனார் எழுந்து, தன் மூத்த மாப்பிள்ளை சின்னவருக்காக ஒரு டம்ளர் தண்ணீர்கூட நகர்த்திக் கொடுத்ததில்லை என்று அதிகாரிக்கு உறுதி சொன்னார். டீக்கடைக்காரரும் அதையே சொன்னார். நர்ஸம்மாவும் தலையாட்டினார். அதைவிடக் கொடுமை, லாரி முதலாளியின் ஆட்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் எதுக்கு அவர் பின்னால போனீங்க?"

மெக்கானிக் ஒரு தடவை மனைவியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பொறாமைங்க. அவன் ஏதாவது தப்புப் பண்ணுவான், பிடிச்சுக் குடுக்கலாம்னு காலையில இருந்து பின்னாலயே திரிஞ்சேன். ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்கலை. என் ஓட்டைக்கூடப் போடலை. ஒண்ணும் பண்ணலைங்க பாவி."

அதிகாரி ஜெராக்ஸை உள்ளே கூப்பிட்டார். கடையில் என்ன செய்துகொண்டிருந்தாய், மறைக்காமல் சொல் என்றார். அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். சகலை முன்னால் நிற்பதைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு, வாந்தி எடுத்ததையும் சிவப்பு வாளியையும் அழுததையும் மெக்கானிக் சொன்ன வரிசையிலேயே சொன்னான்.

ஏன் அழுதாய் என்று கேட்டார்.

"உன் பொண்ணு ஸ்கூல்ல இருந்து எந்த வழியா வருவானு எங்களுக்குத் தெரியும்னு காதுல சொன்னாங்கம்மா. கை கால் ஓடலை. வீட்டுக்குப் போயிடலாம்னு இருந்தேன். அப்புறம் பொண்ணை வெளிய விடாம பக்கத்துல வச்சுக்கச் சொல்லி வழியில வீட்டுக்குப் போன் பண்ணிட்டு, திரும்பி வந்துட்டேன்."

எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். இவ்வளவு பயந்தும் திரும்பி வந்தாரே என்று ஒரு குரல். அது ஒவ்வொரு வாயாகத் தாண்டிப் படியிறங்கித் தெருவுக்குப் போனது. சாயங்காலத்துக்குள் பேட்டை முழுக்க வாளிக் கதைதான். பயமே இல்லாதவனைவிடப் பயந்தும் நின்றவன் பெரியவன் என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். கேட்டுக்கொண்டே டீயைக் குடித்த மெக்கானிக்குக்கு நாக்கு வெந்தது. அவன் வாந்தி எடுத்தாலும் மாலை விழுகிறது. பார்த்துச் சொன்னவனுக்கு ஒரு பிஸ்கட் கிடையாது.

வாட்ச்மேன் அடுத்த விசாரணையில், தன்னை எழுதிக் கொடுக்கச் சொன்னது யார் என்பதை உளறிக் கொட்டினான். மறு வாக்குப்பதிவுக்கு உத்தரவு வந்தது.

குழு கூடியபோது, பின் கேட்டை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. அதன் வழியாகத்தான் போன தடவை ஆட்கள் உள்ளே போயிருக்க வேண்டும். ஜெராக்ஸ் எழுந்து, மெக்கானிக் அண்ணனைப் போடுங்கள், அவரைப்போலக் கண் எடுக்காமல் பார்க்க இந்தப் பேட்டையில் ஆள் இல்லை என்றான். தன்னை வேவு பார்த்தவருக்கே பொறுப்பைக் கொடுக்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் கை தட்டினார்கள். ஜெராக்ஸுக்கு.

மறு வாக்குப்பதிவன்று மெக்கானிக் முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு, பட்டறையில் கிடந்த ஓர் ஓட்டை ஃப்ரிட்ஜைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பின் கேட்டுக்கு வந்தார். வெளியே சந்தில், கேட்டோடு ஒட்டி அதைப் படுக்க வைத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச்சைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மத்தியானம் ஒரு வேன் வந்தது. லாரி முதலாளியின் தங்கை மகன் இறங்கினான். பின்னால் மூன்று பேர்.

"அண்ணே, பெட்டியை நகர்த்துங்க. உள்ள போகணும்."

"உள்ள கேஸ் நிக்குது தம்பி. பாதி வேலையில நகர்த்தினா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. நீங்க தூக்குறதுன்னா தூக்குங்க, நான் அந்த மூலைக்குப் போயிடறேன். அந்தத் தம்பி சிகரெட்டை மட்டும் அணைச்சிடச் சொல்லுங்க."

சிகரெட் வைத்திருந்தவன் முதலில் பின்வாங்கினான். தங்கை மகன் நீல நெருப்பையும் மெக்கானிக்கின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் அவனையே, கண்ணைச் சிமிட்டாமல், பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வேன் வந்த வழியே போனது. அந்த ஃப்ரிட்ஜுக்குள் கேஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காயலான் கடைக்குப் போக வேண்டிய பெட்டி.

அன்று ஒருவர் ஓட்டையும் இன்னொருவர் போடவில்லை. மெக்கானிக்கின் மனைவி யாருக்குப் போட்டாள் என்று அவர் இரண்டு தடவை கேட்டும் சொல்லவில்லை. நர்ஸம்மா ஜெயித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் வாளிக் கதையை யாரும் எடுக்கவில்லை. வேன் கதையை மெக்கானிக் ஒரு தடவை சொல்லி முடித்ததும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்ததால் மாமனார் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சிகரெட்டை அணைக்கச் சொன்ன இடத்தில் கொழுந்தியாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெராக்ஸும் சிரித்தான். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அவன் முடித்துவிட்டான்.

"அண்ணே, நாலு பேர்னு சொன்னீங்க" என்றான் சோற்றைப் பிசைந்துகொண்டே. "டிரைவரையும் சேர்த்தா நாலு?"

மெக்கானிக்கின் கை தட்டில் நின்றது. அந்தக் கேள்வியை அவருக்குத் தெரியும். அது எங்கிருந்து கிளம்பும், எந்த இடத்தில் எரிய ஆரம்பிக்கும், இன்று ராத்திரி அவனைத் தூங்க விடாமல் எப்படிப் புரட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"டிரைவரைச் சேர்க்கலை" என்றார் அன்பாக. "அவரோட சேர்த்தா அஞ்சு."

பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்காக, வேன் வந்த இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.